டப்ளின் பப்பில் ஒரு மாலை: சென்னையிலிருந்து செல்பவர்களுக்கு

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதக் கடைசியில், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்குப் படிக்கப் புறப்படும் பிள்ளைகள் சிலர் பெற்றோருடன் மயிலாப்பூரில் உள்ள என் வீட்டுக்கு வந்து, அங்கே வேலை பார்த்துத் திரும்பியவள் என்ற முறையில் என்னிடம் வாடகை, அரிசி, குளிருக்கான உடை ஆகியவற்றைப் பற்றி விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பப்பைப் பற்றி மட்டும், பெரியவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்த நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். பார் என்றதும் டாஸ்மாக்கை ஒட்டிய கூடமோ நட்சத்திர ஹோட்டலின் மங்கலான அறையோ நினைவுக்கு வரும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இயல்பானது. ஆயினும் டப்ளினில் நான் மிகவும் நேசித்த இடங்கள் அதன் பப்புகளே. பேச்சுக்கும் இசைக்குமாகவே பெரும்பாலும் அங்கே சென்றேன். மது அருந்தாதவர்களும் அங்கே முழு மதிப்போடு உட்காரலாம் என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்தே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எப்படிப்பட்ட மாலை வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்ட பிறகே இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் டெம்பிள் பார் பகுதிக்குச் செல்கிறார்கள். அங்கே கூட்டமும் அதிகம், விலையும் அதிகம், ஆகவே ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்தால் போதும். நிதானமாகப் பேச விரும்பினால், கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தின் பழைய வாயிலை ஒட்டி 1833 முதல் நடந்துவரும் ஜான் கவனா பப்புக்குச் செல்லவும். ஊரார் அதை ‘கிரேவ்டிக்கர்ஸ்’ என்றே சொல்வார்கள். குழி வெட்டுபவர்கள் வேலைக்கு நடுவே சுவரைத் தட்டிப் பானம் வரவழைத்துக்கொண்டதாக ஒரு கதையும் உண்டு. ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் அந்த இடத்தில் தொலைக்காட்சி கிடையாது, இசை கிடையாது, பாடுவதற்கும் அனுமதி இல்லை. மனைவியின் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்திருந்த ஒரு முதியவர், மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், உங்கள் ஊரில் இறந்தவர்களை எப்படி நினைத்துக்கொள்வீர்கள் என்று என்னிடம் கேட்டார். அமாவாசைத் தர்ப்பணத்தைப் பற்றியும், காக்கைக்குச் சோறு வைப்பதைப் பற்றியும் நான் சொல்லச் சொல்ல, அவர் தம் கிளாஸை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அறிமுகம் இல்லாதவர்களோடு அப்படிப் பேச முடிகிற இடங்களை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

நகரின் நடுவில், சவுத் வில்லியம் தெருவில் உள்ள க்ரோகன்ஸும் இசையோ தொலைக்காட்சியோ இல்லாத இடமே. அங்கே சூடாக்கித் தரும் சாண்ட்விச் பெயர் பெற்றது; சைவ உணவு உண்பவர்கள் பன்றி இறைச்சி வேண்டாம், சீஸும் தக்காளியும் வெங்காயமும் மட்டும் வைத்துத் தாருங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடவும். பேகட் தெருவின் டோனர்ஸில் ‘ஸ்னக்’ எனப்படும் சிறு தடுப்பறை இருக்கிறது. பெண்கள் பொதுக் கூடத்தில் குடிப்பதை ஊர் ஏற்காத காலத்தில், பிறர் கண்ணில் படாமல் உட்கார இத்தகைய தடுப்பறைகள் பயன்பட்டன. 1198இல் தொடங்கியதாகப் பெருமையோடு எழுதி வைத்திருக்கும் பிரேஸன் ஹெட் பப்பையும் பார்க்கலாம். ஆனால் இப்போதுள்ள கட்டடம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

உள்ளே சென்றதும் மேசைக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கவுன்டருக்குச் சென்று, பரிமாறுபவரின் பார்வை நம் மீது படும் வரை பொறுமையாக நின்று கேட்க வேண்டும். கையைச் சொடுக்குவதும் குரல் கொடுப்பதும் அங்கே மரியாதைக் குறைவு. பல பப்புகளில் தேநீரும் கிடைக்கும், அதுவும் நம் நாக்குக்குப் பிடித்த வகையில் கெட்டியாக, பாலோடு. அயர்லாந்தின் கறுநிற பியரான கின்னஸில் மதுவற்ற வகையும் உண்டு. வழக்கமான கின்னஸ் கேட்டால், 568 மில்லிலிட்டர் கொண்ட பைண்ட் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு நிரப்பி, அதைக் கவுன்டரிலேயே வைத்துவிட்டு, அடங்கிய பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். இந்த முறைக்கு 119.5 விநாடிகள் என்று நிறுவனமே கணக்குச் சொல்கிறது; அதற்கு முன் கிளாஸை எடுத்துவிடக் கூடாது. அதில் கலந்துள்ள நைட்ரஜன்தான் நுண்ணிய குமிழிகளையும் மேலே படியும் வெண்ணிற நுரையையும் தருகிறது. கிளாஸின் நடுவே திரவம் மேலெழுந்து ஓரமாகக் கீழிறங்குவதால், குமிழிகள் கீழ்நோக்கிப் போவது போலத் தோன்றுவதைப் பார்ப்பதே எனக்குப் போதுமான மகிழ்ச்சியாக இருந்தது. அயர்லாந்தில் 18 வயது நிறைந்தவர்களுக்கு மது விற்கலாம், தமிழ்நாட்டில் 21. இளமையாகத் தெரிபவர்களிடம் சான்று கேட்பார்கள் என்பதால், வயதைக் காட்டும் அட்டையைக் கையில் வைத்திருக்கவும்.

நண்பர்களோடு சென்றால் ‘ரவுண்ட்’ முறையை அறிந்திருக்க வேண்டும். ஒருவர் எல்லோருக்குமாக வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். நம் ஊரில் பில்லைப் பிடுங்கி முழுவதையும் ஒருவரே கொடுத்துவிடுவது அன்பாகக் கருதப்படும். மறுநாள் ஜீபேயில் பங்கு பிரித்துக்கொள்வதும் உண்டு. அங்கே இவை இரண்டுமே மற்றவர்களைச் சங்கடப்படுத்தும். ஒருவர் வாங்கித் தந்ததை ஏற்றுக்கொண்டுவிட்டால், நம் முறை வரும் முன் எழுந்து போகக் கூடாது. சீக்கிரம் கிளம்ப வேண்டியவர்களும், எலுமிச்சை சோடாவோடு நிறுத்திக்கொள்பவர்களும், நான் என்னுடையதைத் தனியாக வாங்கிக்கொள்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இனி அயர்லாந்தின் பாரம்பரிய இசை. ஸ்மித்ஃபீல்டில் உள்ள காப்பிள்ஸ்டோன் பப்தான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. அதன் வளாகத்தில் ஹோட்டல் கட்டும் திட்டம் 2021இல் வந்தபோது, மக்கள் வீதியில் இறங்கி ஊர்வலம் நடத்தினார்கள். அவ்வாண்டு நவம்பரில் நகர மன்றம் அனுமதி மறுத்தது. அங்கே நடக்கும் ‘செஷன்’ மேடைக் கச்சேரி அல்ல. ஃபிடில் எனும் வயலின், டின் விசில் எனும் சிறு குழல், கான்சர்டினா எனும் சிறு கைத்துருத்தி வாத்தியம், இலன் பைப் எனும் துருத்திக் குழல் என்று அவரவர் வாத்தியத்தோடு வந்து ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். எதிரே தாள் எதுவும் இருக்காது. எல்லாம் கேள்வி ஞானம். வாசிப்பவர்களுக்கான இருக்கையில் நாம் உட்காரக் கூடாது, பிரபலமான பாட்டை வாசிக்கும்படி கேட்கக் கூடாது, மேசைக்கு மிக அருகில் சென்று கைபேசியை நீட்டக் கூடாது. ஒருவர் வாத்தியத் துணையின்றிப் பாடத் தொடங்கினால், அது முடியும் வரை பேச்சையும் நிறுத்தவும், கவுன்டரில் எதையும் கேட்காமலும் இருக்கவும்.

தாளம் தெரிந்த தமிழர்களுக்கு இந்த இசை விரைவில் பிடிபட்டுவிடும். ‘ஜிக்’ என்ற மெட்டு வகையைத் தகிட தகிட என்று எண்ணலாம். ‘ரீல்’ தகதிமி தகதிமி என்று ஓடும். ‘ஸ்லிப் ஜிக்’கில் மூன்று தகிட வரும். பெரும்பாலும் ஒரு மெட்டில் இரண்டு பகுதிகள் இருக்கும், ஒவ்வொன்றையும் இரு முறை வாசிப்பார்கள், முழு மெட்டையும் இரண்டு மூன்று முறை சுற்றி வந்த பின் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலின் போது அறை முழுவதும் நிமிர்வதைக் கவனிக்கத் தவற வேண்டாம். என்னைப் பார்க்க டப்ளின் வந்திருந்த அம்மா, மார்கழியில் ஒரு சபாவையும் விடாதவர், தேநீரை ஓரமாக வைத்துவிட்டுத் தொடையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். “இது திஸ்ரம்தானேடி?” என்று என் காதருகே கேட்டார். கான்சர்டினா வாசித்த பெண் அந்தக் கையைக் கவனித்துவிட்டு, அடுத்த ஜிக்கைத் தொடங்கும் முன் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மாவைப் போல ஓசையின்றிப் போடவும். உரக்கக் கை தட்டினால் வாசிப்பவர்களின் கவனம் கலையும். மெட்டுகளின் வரிசை முடிந்த பிறகு பாராட்டலாம்.

குழந்தைகளோடு செல்பவர்கள் இரவு 9 மணிக்குள், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்குள், வெளியே வந்துவிட வேண்டும். 2004 மார்ச் முதல் பப்புகளுக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் புகையைப் பற்றிக் கவலை இல்லை. திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30, வெள்ளியும் சனியும் 12.30, ஞாயிறு 11 மணியோடு விற்பனை நிற்கும். கையில் இருப்பதை முடிக்க அரை மணி நேரம் தருவார்கள். புனித பேட்ரிக் நாளான மார்ச் 17 அன்று நகர மையத்தில் நிற்கவே இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை லூவஸ் டிராம் மற்ற நாட்களைவிடச் சீக்கிரம் நின்றுவிடும். ஆகவே முதல் முறை ஸ்மித்ஃபீல்டுக்குச் செல்பவர்கள் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்து, வாசிப்பவர்கள் வந்து சேரும் முன்பே சென்றுவிட்டால், அவர்களின் மேசை தெரியும்படி உட்கார இடம் கிடைக்கும்.