ஊர் நிலைமை மனசை உடைக்கும்போது நம்பிக்கையை வளர்ப்பது எப்படி

காலையில் கண் விழித்ததும் போனை எடுக்கிறோம். ஆணவக்கொலை, தேர்வுக்குப் பயந்து செத்துப்போன பிள்ளை, கள்ளச்சாராயச் சாவு, எங்கோ ஒரு நாட்டில் மருத்துவமனை மேல் குண்டு என்று வரிசையாக வந்து விழுகிறது, பல் துலக்கி முடிப்பதற்குள் மனசு விட்டுப்போய்விடுகிறது. "இனி எதுவும் மாறாதுங்க" என்று இருபது வயதிலேயே சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்பிக்கை என்பது பழகிப் பழகி வருவது. கற்பனையும் தன்னைப் பண்படுத்திக்கொள்வதும்தான் அந்தப் பழக்கம்.

முதலில் செய்திக்கு நேரம் ஒதுக்குங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் போதும். படித்து முடித்ததும், இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்.

அப்புறம் கற்பனை. வேலையில்லாதவர்களின் பகல்கனவு என்று இதை ஒதுக்குகிறவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990இல் இலங்கைப் போரின் நடுவே அங்கே மின்சாரம் நின்றுபோனது, பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, பேட்டரி உள்ளே வரவே முடியாது. ஒரு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சூண்டு மண்ணெண்ணெயை அதில் ஊறவிட்டு, திரி போட்டு விளக்காக்கினார்கள், பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. காலி போத்தலில் விளக்கைப் பார்த்தார்களே, நான் சொல்கிற கற்பனை அதுதான்.

இதை நீங்கள் பழக வேண்டுமானால் நாட்டையே திருத்துவதாக ஆரம்பிக்காதீர்கள், உங்கள் தெருவில் ஒன்றை எடுங்கள். ஊர் நூலகம் பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நன்றாக நடக்கிற ஒரு நாளை நோட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள், நடந்துகொண்டிருப்பது போலவே எழுதுங்கள். காலையில் யார் திறக்கிறார், சாவி யார் வீட்டில் இருக்கிறது, பெரியவர்கள் நாளிதழ் படிக்க எந்த ஜன்னலோரம் உட்காருகிறார்கள், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண்பிள்ளை எந்த வழியாக வீட்டுக்குப் போகிறாள், அந்த வழியில் தெருவிளக்கு எரிகிறதா? எழுத எழுத ஓர் இடத்தில் பேனா நிற்கும். விடை தெரியாமல் நிற்கிற அந்த இடம்தான் உங்களுடைய வேலை. நூலகம் ஏன் திறக்கவில்லை என்று தெரியவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கிராமம் என்றால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராமசபை கூடும், அங்கே எழுந்து கேளுங்கள்.

அடுத்து, தன்னைப் பண்படுத்திக்கொள்வது. எனக்கு இதில் வ.உ.சி.தான் முன்னோடி. 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், மேல்முறையீட்டில் அது குறைந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்குள் அவர் தொடங்கிய கப்பல் கம்பெனி நொடித்துப்போனது, சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள், உடம்பு தேய்ந்தது. அந்தச் சிறைவாசத்துக்குள்தான் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழில் பெயர்த்தார், தன் வரலாற்றைச் செய்யுளாக எழுதத் தொடங்கினார். வெளியே என்ன நடந்தாலும் தன் அறிவைப் பட்டினி போடக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நீங்களும் கொஞ்சம் கடினமான ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சட்டம் படிக்கலாம், பறை கற்கலாம், இன்னொரு மொழியின் எழுத்தைப் பழகலாம். தினமும் அரை மணி நேரம், ஒரே நேரத்தில், போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு. மூன்று மாதத்தில் பலன் தெரியாது, பரவாயில்லை. ஆனால் கற்றது உங்களோடு நின்றுவிடாமல் இன்னொருவருக்குப் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும்: சட்டம் படித்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் ஓய்வூதிய மனு எழுதிக்கொடுங்கள். சொந்தக் கவலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிற மனசுக்கு அதைப் போல மருந்து நான் பார்த்ததில்லை.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் இந்தப் பயிற்சிகள் போதாது, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இதையெல்லாம் தனியாகச் செய்தால் சீக்கிரம் சோர்ந்துவிடுவீர்கள். இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சரி, ஒருவர் கிடைத்தாலும் போதும். வாரம் ஒருமுறை டீக்கடையிலோ மொட்டைமாடியிலோ உட்காருங்கள். செய்திகளை அலசுவதை முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, அந்த வாரம் அவரவர் என்ன எழுதினோம், என்ன கற்றோம், எங்கே மனு போட்டோம் என்று பேசுங்கள். ஒருவர் ஒன்றுமே செய்யாமல் வந்தாலும் கடிந்துகொள்ளாதீர்கள், அடுத்த வாரமும் வரச் சொல்லுங்கள்.