மூன்றாண்டுப் பட்டப்படிப்பின்போதே வேலைக்குத் தயாராவது எப்படி?

பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். வகுப்புகளில் சேரும் மாணவர்களில் பலர், வேலையைப் பற்றிய யோசனையை இறுதியாண்டுக்கென்று ஒத்திவைத்துவிடுகிறார்கள். நடைமுறை அதற்கு இடம் தருவதில்லை. பல கல்லூரிகளில் வளாக நேர்காணல்கள் ஐந்தாம் பருவத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வும் பிப்ரவரியில் நடப்பதால், விண்ணப்பிக்கும் நாள் ஐந்தாம் பருவத்துக்குள்ளேயே வந்து போய்விடுகிறது. ஆகவே ஆயத்தத்துக்குக் கையில் இருப்பவை முதல் நான்கு பருவங்கள்தாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே சரியாக இருக்கும்.

முதலாண்டில் கவனிக்க வேண்டியது அரியர் விழாமல் பார்த்துக்கொள்வது. பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கின்றன. நேர்காணலின்போது எழுதித் தேறாத தாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றும் நிபந்தனை வைக்கின்றன. திறமை இருந்தும் இந்த முதல் வடிகட்டலிலேயே நின்றுவிடும் மாணவர்களைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது. பள்ளி மதிப்பெண் குறைவாக இருந்தால், அதைப் பொருட்படுத்தாத நிறுவனங்கள் எவை என்று வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வேலை தமக்கு ஒத்துவரும் என்பதைத் துறையின் பெயரை வைத்து முடிவுசெய்ய முடியாது. உங்கள் துறையில் படித்து முடித்து இப்போது வேலையில் இருக்கும் சீனியர் அண்ணன்களையும் அக்காக்களையும் தேடிப் பேசுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாமல், நேற்று அலுவலகத்துக்குப் போனதிலிருந்து திரும்பும் வரை என்னென்ன செய்தீர்கள், அதில் கல்லூரியில் படித்தது எது, அங்கே போய்க் கற்றுக்கொண்டது எது என்று கேட்டால், வழிகாட்டுதல் கூட்டங்களில் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

மூன்றாண்டுகளிலும் மிக மதிப்புள்ள காலம், நான்காம் பருவத் தேர்வு முடிந்து வரும் கோடை விடுமுறை என்பதே என் உறுதியான கருத்து. பி.காம். மாணவர் ஒருவர் தாம் அங்கே படிப்பதை உறுதிசெய்யும் போனஃபைட் சான்றிதழைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டு, தம் ஊரிலுள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்கு நேரில் சென்று ஒரு மாதம் பயிற்சிக்கு இடம் கேட்கலாம். அங்கே கொள்முதல், விற்பனை ரசீதுகள் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் பதிவாவதையும், மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பி என்று அலுவலகமே பரபரப்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கு, பாடப்புத்தகத்தின் வரிவிதிப்புப் பகுதி அதன்பின் வேறு மாதிரி புரியும். சம்பளம் தராவிட்டாலும் பேருந்துக் கட்டணமாவது கேட்டுப் பெறுவதில் தவறில்லை. அறிவியல் மாணவர்களுக்கு, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாடமி (Indian Academy of Sciences) பிற அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கோரப்படுவதால், மூன்றாம் பருவத்திலேயே விழிப்பாக இருக்க வேண்டும்.

கூடுதல் படிப்புகளுக்குக் குறைவில்லை. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் என்பிடெல் இணையவழி வகுப்புகளில் கட்டணமின்றிச் சேரலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளும் இருக்கின்றன. பத்துச் சான்றிதழ்களை அரைகுறையாகச் சேர்ப்பதைவிட ஒன்றை முழுமையாக முடித்து, அதைக் கொண்டு எதையாவது செய்து காட்டுவது மேல். தன்விவரக் குறிப்பில் 'எக்செல் தெரியும்' என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. 'எங்கள் தெரு மளிகைக் கடையின் மூன்று மாத விற்பனையை எக்செல்லில் பதிந்து, எந்தப் பொருள் தேங்குகிறது என்று கணக்கிட்டேன்' என்று எழுதினால், நேர்காணல் செய்பவர் அதிலிருந்தே அடுத்த கேள்வியைத் தொடங்குவார். உங்களுக்கும் சொல்வதற்கு விஷயம் இருக்கும்.

அரசு வேலையை விரும்புவோர் பட்டம் கைக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்பதால், 18 வயது நிறைந்தவர்கள் அதன் பெரும்பாலான பதவிகளுக்குப் படிக்கும்போதே எழுதலாம். மொத்தமுள்ள 200 கேள்விகளில் 100 தமிழுக்குரியவை. அந்தப் பகுதியில் 40 விழுக்காடு பெறாவிட்டால் மற்ற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. எனவே பள்ளித் தமிழ்ப் பாடநூல்களிலிருந்து தொடங்குங்கள். முதல் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழை, தேர்வாணையம் தந்துள்ள படிவத்தில், படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கையெழுத்தும் முத்திரையும் பெற்று, கல்லூரி விடுமுறையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.