வெளிநாட்டில் தேடுபொறி வேற்று மொழிக்கு மாறிவிட்டால்

வெளிநாட்டில் விடுதி வைஃபையில் இணைந்ததுமே தேடுபொறி அந்த ஊர் மொழிக்குத் தாவிவிடும். போன் கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். நமக்கு எந்த மொழி வேண்டும் என்று பிரவுசர் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புகிறது, ஆனால் தேடுபொறி அதைவிட ஐபி முகவரியை, அதாவது நம் இணைய இணைப்புக்கு உள்ள எண்ணைப் பார்த்து, நாம் இருக்கும் நாட்டை வைத்தே பல நேரம் முடிவெடுத்துவிடுகிறது. சொந்த நாட்டு சிம்மில் ரோமிங்கில் இருக்கும்போது இந்தத் தொல்லை அவ்வளவாக இருக்காது, ஏனென்றால் அந்த டேட்டா பெரும்பாலும் நம் நாட்டு நெட்வொர்க் வழியாகச் சுற்றித்தான் போகிறது.

சரி, எப்படித் திருப்புவது? படிக்கவே தெரியாத எழுத்தில் செட்டிங்ஸைத் தேடுவதுதான் பெரிய கொடுமை, அதிலும் அரபி என்றால் பக்கமே வலமிடமாகப் புரண்டு பட்டன்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் போயிருக்கும். கூகுள் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. தேடல் முடிவுப் பக்கத்தின் முகவரிக் கடைசியில் 'அண்ட்' குறி (&), எச், எல், சமக்குறி, டி, ஏ என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள், பக்கம் தமிழுக்கு வந்துவிடும். ஆங்கிலம் வேண்டுமென்றால் டி, ஏ-வுக்குப் பதில் ஈ, என். இனி செட்டிங்ஸைப் படித்து நிதானமாக மாற்றலாம்.

அங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பட்டன்கள் எந்த மொழியில் இருக்க வேண்டும், முடிவுகள் எந்த மொழியில் வர வேண்டும், எந்த நாட்டு முடிவுகள் வர வேண்டும், மூன்றும் தனித்தனி. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு 'இன்னும் உள்ளூர் தளமாகவே வருகிறதே' என்று புலம்பினால் எப்படி? நாட்டையும் மாற்றுங்கள். முன்பு முகவரியில் நாட்டு டொமைனை, அதாவது தளப் பெயரின் கடைசியில் வரும் நாட்டுக் குறியை மாற்றி அடித்தாலே போதும், 2017-லிருந்து கூகுளில் அது செல்லாது. டக்டக்கோ என்ற இன்னொரு தேடுபொறியில் முடிவுப் பக்கத்திலேயே நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம், அது கொஞ்சம் நிம்மதி.

லாகின் செய்யாமல் மாற்றினால் அது பிரவுசர் வைத்திருக்கும் சின்னக் குறிப்பான குக்கீயில்தான் பதிவாகும், தடம் வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னலை மூடினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதனால் கிளம்பும் முன்பே கணக்கின் மொழியைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

ஆனால் பஸ் நேரம், மருந்துக்கடை மாதிரி உள்ளூர் விஷயம் தேடும்போது நாட்டை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். மேப்பில் இடத்தின் பெயர் உள்ளூர் எழுத்தில் இருக்கும், அதை நகலெடுத்துப் போட்டுத் தேடினால் நம் மொழியில் அடித்ததைவிட நல்ல முடிவு வரும்.