ஏரி வேலைக்காக ஆட்சியரை அணுகுவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

ஊர் ஏரியைச் சீரமைக்க நாலு பேர் சேர்ந்துவிட்டீர்கள். வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்தாயிற்று. அடுத்து எல்லாரும் சொல்வது, "கலெக்டரைப் போய்ப் பார்த்துடலாம்" என்பதுதான். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் யார் யாரைப் பார்த்துவிட்டு அங்கே போகிறோம், கையில் என்ன தாள் இருக்கிறது, திரும்பி வந்து என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இவை சரியில்லை என்றால் அந்தச் சந்திப்பு ஒரு போட்டோவோடு முடிந்துவிடும்.

எங்கள் ஊர் ஏரிக்காக ஆறு வருடம் அலுவலகங்களுக்கு நடந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பள்ளிக்கூடம், நூலகம், சுகாதார நிலையம் என்று வேறு பொது வேலையில் இருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி உதவும்.

படி 1: ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, குளங்கள் இருக்கின்றன. பொதுவாக, ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலப் பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் ஏரி. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி. ஊருக்குள் இருக்கும் சில குளங்கள் கோயிலுக்குச் சொந்தமானவை. அவற்றுக்கு அறநிலையத் துறையிடம் போக வேண்டும்.

இது தெரியாமல் நாங்கள் ஒரு கோடை முழுக்க ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தோம். கடைசியில் "இது எங்க ஏரி இல்லைங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தது. மழை தொடங்கிவிட்டது. அந்த வருடம் போயிற்று.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய், ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். சர்வே எண், பரப்பு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். புல வரைபடத்தின் நகல் ஒன்றும் வாங்கி வையுங்கள். இந்தச் சர்வே எண்தான் இனி உங்கள் ஏரியின் பெயர். அலுவலகத்தில் "பெரிய ஏரி" என்றால் யாருக்கும் புரியாது.

படி 2: கீழிருந்து மேலே போங்கள்

நீங்கள் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு எங்கே போகும்? செயற்பொறியாளருக்குப் போய், உதவி செயற்பொறியாளருக்கு இறங்கி, கடைசியில் உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் மேசைக்கு வரும். இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதப் போகிறவர் அவர்தான். உங்கள் பெயரை அவர் முதல் தடவை மேலிடத்துக் கடிதத்தில் பார்த்தால், தன்மேல் புகார் போயிருக்கிறது என்றுதான் நினைப்பார். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

அதனால் முதலில் அவரைப் பாருங்கள். "சார், ஒரு நாள் எங்ககூட கரையில நடக்க வர முடியுமா?" என்று கேளுங்கள். எங்கள் உதவிப் பொறியாளர் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். தென் மதகுக்குப் பக்கத்தில் குனிந்து, ஷட்டர் தண்டை ஆட்டிப் பார்த்தார். "இது துருப்பிடிக்கல, வளைஞ்சிருக்கு. யாரோ கடப்பாரை போட்டுத் திருகியிருக்காங்க" என்றார். நாங்கள் ஐந்து வருடமாகத் துரு என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அன்று இரண்டு மணி நேரம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் பிற்பாடு எங்கள் மனுவின் சாரம்.

அப்புறம் கிராம சபைத் தீர்மானம். 2022 முதல் வருடத்துக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரியைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாலு இளைஞர்களின் ஆசை என்பதிலிருந்து ஊரின் கோரிக்கை என்று அது மாறுவது இந்த இடத்தில்தான்.

படி 3: ஒரே ஒரு தாள்

எங்கள் முதல் மனு ஒன்பது பக்கம். ஏரியின் வரலாறு, பழைய கல்வெட்டு, நீர்மட்டம் இறங்கிய கதை எல்லாம் இருந்தது. யாரும் படிக்கவில்லை. வேலை நடக்க வைத்த தாள் இப்படி இருந்தது:

"பொருள்: ஏரி, சர்வே எண் இன்னது. தென் மதகு ஷட்டர் மாற்றுதல், வரத்துக் கால்வாய் அடைப்பு நீக்குதல் தொடர்பாக. பார்வை: கிராம சபைத் தீர்மானம் எண் இன்னது, நாள் இன்னது. நாங்கள் செய்வது: கரையில் பனை விதைப்பு, கால்வாயில் குப்பை அகற்றுதல், வேலை நாட்களில் தினமும் இருவர் மேற்பார்வை. தங்களிடம் வேண்டுவது: சாலைக் குறுக்கே உள்ள சிறுபாலத்தை நீர்வளத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து ஆய்வு செய்ய உத்தரவு."

கடைசி வரியைக் கவனியுங்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஒரு துறையுடையது. அதை அடைத்துக்கொண்டிருந்த சிறுபாலம் இன்னொரு துறையுடையது. இரண்டு துறையையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் மாவட்டத்தில் ஆட்சியர்தான். கீழே முடியக்கூடியதை அவரிடம் கொண்டு போகாதீர்கள். விவசாயிகள் வண்டல் மண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். அதற்கு வட்டாட்சியர் அலுவலகம் போதும். ஆட்சியரால் மட்டுமே ஆகக்கூடியது எதுவோ, அதை மட்டும் அவரிடம் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஏரிக்குள் வளர்ந்த சீமைக்கருவேல மரங்களை ஆர்வத்தில் நீங்களாக வெட்டாதீர்கள். அவை அரசுச் சொத்து, அனுமதி வேண்டும். ஆக்கிரமிப்பை இதே தாளில் சேர்க்காதீர்கள். அதற்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது, நில அளவை, நோட்டீஸ் என்று நடைமுறையும் வேறு. முதல் மனுவிலேயே அதையும் போட்டால் மொத்தக் கோப்பும் அங்கேயே நின்றுவிடும்.

படி 4: எப்போது, எப்படிச் சந்திப்பது

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் யார் வேண்டுமானாலும் போகலாம். பதிவு எண் கிடைக்கும். இரண்டு நிமிடம் பேசலாம். நிதானமாகப் பேச அது இடமில்லை. உங்களுக்குப் பின்னால் முதியோர் உதவித்தொகைக்காகக் காலையிலிருந்து நிற்கிற ஒரு பாட்டி இருப்பார். அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு செய்துவிட்டு, பிறகு ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது) வழியாகத் தனி நேரம் கேளுங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் இன்னும் நல்லது, எல்லாத் துறை அதிகாரிகளும் அங்கேயே இருப்பார்கள்.

காலமும் முக்கியம். ஏரியில் வேலை செய்ய முடிவது ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். அதனால் ஜனவரியிலேயே தாள் உள்ளே போயிருக்க வேண்டும், தீர்மானம் அதற்கு முந்தைய கிராம சபையிலேயே நிறைவேறியிருக்க வேண்டும். மார்ச் கடைசியில் நிதியாண்டுக் கணக்கு முடிக்கிற அவசரம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, வெள்ளம். தேர்தல் அறிவித்துவிட்டால் ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர், நடத்தை விதிகளும் வந்துவிடும். இந்த நாட்களில் போய் நின்றால் உங்களுக்கும் பயனில்லை, அவருக்கும் சிரமம்.

சந்திப்புக்கு மூன்று பேர் போதும். ஒருவர் அந்த ஏரித் தண்ணீரில் பயிர் செய்கிறவராக இருக்கட்டும், பேசுவதும் அவரே பேசட்டும். எங்களோடு வந்த அக்கா கடைமடையில், அதாவது பாசனக் கால்வாயின் கடைசியில், முக்கால் ஏக்கர் வைத்திருக்கிறவர். "போன வருஷம் ஏரி ரொம்பிச்சும் எனக்குத் தண்ணி வரலம்மா" என்றார், அவ்வளவுதான். ஆட்சியர் பேனாவை எடுத்தார். தாளின் ஓரத்தில் பச்சை மையில் இரண்டு துறைப் பொறியாளர்களின் பதவியையும் எழுதி, கூட்டாய்வு செய்து பத்து நாளில் அறிக்கை தரும்படி குறித்தார். நாங்கள் தயாரித்துப் போன பேச்சைப் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

படி 5: திரும்பி வந்த பிறகு

பலர் கோட்டை விடுவது இங்கேதான். உறவு வளர்வதும் இங்கேதான்.

மனுவுக்கு ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்) விழுந்ததும் குறித்துக்கொள்ளுங்கள், இனி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அது இருக்கட்டும். வேலை தொடங்கியதும் மாதம் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: என்ன நடந்தது, என்ன நின்றிருக்கிறது, அடுத்து என்ன. கெட்ட செய்தியை மறைக்காதீர்கள். நாங்கள் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் ஆடு மேய்ந்துவிட்டது. அதையும் எழுதினோம். பிறகு ஒரு கூட்டத்தில் "இவங்க கணக்கு சரியா இருக்கும்" என்று ஓர் அதிகாரி எங்களைக் காட்டிச் சொன்னார். அந்த வார்த்தைக்குக் காரணம் அந்த ஆட்டுக் கதைதான் என்று நம்புகிறேன்.

நன்றிக் கடிதத்தை உதவிப் பொறியாளருக்கு எழுதி, நகலை அவருடைய மேலதிகாரிக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். வெயிலில் நின்று வேலை பார்த்தவர் அவர். குறை ஏதும் இருந்தால் பத்திரிகைக்குப் போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பரிசுப் பொருள் எதுவும் வேண்டாம், தீபாவளி இனிப்புப் பெட்டிகூட வேண்டாம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு 1968ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. நல்ல அதிகாரியைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. ஒரு வேலைக்குப் பணம் கேட்கப்பட்டால் கொடுக்காதீர்கள். எங்களிடம் ஒரு முறை கேட்டார்கள். கொடுக்கவில்லை. கோப்பு நாலு மாதம் தாமதமானது, ஆனால் நகர்ந்தது.

படி 6: மக்கள் பிரதிநிதிகள்

சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். 2022இல் முதலமைச்சர் ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கேட்டு வாங்கினார். அப்படியொரு பட்டியல் கேட்கப்படும் நாளில் உங்கள் தாள் அவர் கையில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாருக்கும் ஒரே தாள், அதே வார்த்தைகள். யார் மேடையிலும் ஏறாதீர்கள். ஏரியைப் பார்க்க வந்தால் யாரையும் வரவேற்கலாம்.

படி 7: மாறுதல் வரும், தயாராக இருங்கள்

ஓர் ஆட்சியர் மனம் வைத்து, மக்களும் கூட நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் புதுக்கோட்டையில் நடந்த எழுத்தறிவு இயக்கமான அறிவொளி இயக்கத்தைச் சொல்லலாம். 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது ஆயிரக்கணக்கான தொண்டர்கள் இரவில் வகுப்பெடுத்தார்கள். கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அதை இன்றும் பேசுகிறோம். ஆனால் எந்த ஆட்சியரும் ஒரே மாவட்டத்தில் நெடுநாள் இருப்பதில்லை. உங்களை நன்றாக அறிந்தவர் ஒரு காலையில் மாறுதலாகிப் போய்விடுவார்.

அதனால் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் தேதிவாரியாக வையுங்கள்: தீர்மானம், பச்சை மைக் குறிப்பின் நகல், மாத அறிக்கைகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். புதியவர் வந்த முதல் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். வாழ்த்துச் சொல்ல வரும் கூட்டம் குறையட்டும். பிறகு அதே ந.க. எண்ணோடு, ஒரே தாளோடு போங்கள். முந்தையவரைப் புகழ்ந்துகொண்டு நிற்காதீர்கள், நடந்த வேலையை மட்டும் சொல்லுங்கள்.

எங்களுக்கு மூன்றாவது ஆட்சியர் வந்தபோது அவரே கள ஆய்வுக்கு வந்தார். கரையில் நின்று "இந்த மதகு எப்போ மாத்தினது?" என்று கேட்டார். நாங்கள் கோப்பைத் திறப்பதற்குள் உதவிப் பொறியாளர் முன்னால் வந்து, வளைந்த ஷட்டர் தண்டிலிருந்து தொடங்கி, சிறுபாலம், கடைமடை அக்காவின் முக்கால் ஏக்கர் வரை தானே சொல்லி முடித்தார்.