சூப்பர் ஹீரோ படத்தின் அடுத்த பாகத்தை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் அடுத்த பாகம் வெளியானதும், "முதல் பாகம் அளவுக்கு இருக்கிறதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். இயல்பான கேள்விதான் என்றாலும், தவறான தீர்ப்புகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. முதல் பாகத்துக்கு ஒரு வசதி உண்டு. சாதாரண மனிதன் ஒருவனுக்கு எதிர்பாராமல் சக்தி கிடைப்பதும், அதை அவன் தட்டுத்தடுமாறிப் பழகுவதும், முதன்முறையாக அந்த உடையை அணிந்து நிற்பதும் சேர்ந்து பாதிக் கதையைத் தாமாகவே நகர்த்திவிடும். அடுத்த பாகத்துக்கு அந்த வசதி கிடையாது. அதே வியப்பைத் திரும்பத் தரவில்லை என்று குறை சொல்வதைக் காட்டிலும், அந்த வியப்பு இருந்த இடத்தை இயக்குநர் எதைக் கொண்டு நிரப்பியிருக்கிறார் என்று பார்ப்பதே நியாயம். சக்தி கிடைத்துவிட்டது, இனி அதற்காக நாயகன் எதை இழக்கிறான் என்பதே நல்ல இரண்டாம் பாகங்களின் கதையாக இருந்திருக்கிறது.

சாம் ரெய்மி இயக்கி 2004இல் வெளியான 'ஸ்பைடர்மேன் 2' இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. படம் சண்டையில் தொடங்குவதில்லை. பீட்சாவைக் குறித்த நேரத்துக்குள் கொண்டுசேர்க்க முடியாமல், ஸ்பைடர்மேனாக மறைந்து வாழும் இளைஞன் பீட்டர் வேலையை இழப்பதில் தொடங்குகிறது. வழியில் இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றியதும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதை அவனால் யாரிடமும் சொல்ல முடியாது. படத்தின் கேள்வி முழுவதும் அந்தச் சில நிமிடங்களிலேயே வைக்கப்பட்டுவிடுகிறது.

இங்கே இன்னொரு தவறையும் பேச வேண்டும். சண்டைக் காட்சிகளை அவற்றின் பிரம்மாண்டத்தை வைத்து மட்டுமே மதிப்பிடுகிறோம். இதே படத்தில் வரும் ரயில் காட்சியை நிதானமாகப் பார்த்தால், பிரம்மாண்டம் எங்கே முடிந்து கதை எங்கே தொடங்குகிறது என்பது புரியும். கட்டுப்பாட்டை இழந்து ஓடும் ரயிலை பீட்டர் முதலில் காலால் நிறுத்தப் பார்த்துத் தோற்கிறான். பிறகு இரு பக்கக் கட்டடங்களிலும் வலைகளை வீசி, உடை கிழிய, உடல் இரண்டாகப் பிளந்துவிடும் போல் இழுபட, பாதை முடியும் இடத்தில் அதை நிறுத்துகிறான். இதுவரை நடந்தது சாகசம். அதன் பிறகு அவன் மயங்கி முன்புறமாகச் சரியும்போது, உள்ளேயிருந்து நீளும் பயணிகளின் கைகள் அவனைப் பிடிக்கின்றன. தலைகளுக்கு மேலாக அவனை ஏந்திச் சென்று தரையில் கிடத்துகின்றன. முகமூடி இல்லாத அந்த முகத்தைப் பார்க்கும் ஒருவர், தன் மகனைவிட மூத்தவனாக இருக்க மாட்டான் என்று சொல்கிறார். சிறுவர்கள் இருவர் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று உறுதியளிக்கிறார்கள். காப்பாற்றுபவனைக் காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றுகிறார்கள். இந்தப் படம் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது; ஆனால் அந்தக் காட்சியை நெஞ்சில் நிறுத்துவது கிராபிக்ஸ் அன்று, அந்தக் கைகள்தான். ஒரு சண்டை முடிந்த பிறகு யாருக்கு எது மாறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை இல்லையென்றால், அது எவ்வளவு செலவில் எடுக்கப்பட்டிருந்தாலும் பலவீனமான காட்சியே.

"வில்லன்கள் அதிகம், அதனால் படம் தோற்றது" என்ற தீர்ப்பு அடிக்கடி காதில் விழும். 2007இல் வந்த மூன்றாம் ஸ்பைடர்மேன் படத்தைப் பற்றி நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கையைக் காரணம் காட்டுவது எளிது என்பதால், உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' (2008) படத்தில் ஜோக்கர் இருக்கிறான், நேர்மையான அரசு வழக்கறிஞராக இருந்து இருமுகன் என்ற வில்லனாக மாறும் ஹார்வி டென்ட் இருக்கிறான், நிழலுலகத் தலைவர்கள் இருக்கிறார்கள். இருந்தும் நெரிசல் தெரிவதில்லை. நெருக்கடி வந்தால் நல்லவர்கள் நல்லவர்களாகவே நீடிப்பார்களா என்ற ஒரே கேள்விக்குள் எல்லோரும் நிற்கிறார்கள். டென்ட்டின் வீழ்ச்சி அந்தக் கேள்விக்கு ஒரு பதில் என்றால், ஜோக்கர் வெடிகுண்டு வைத்த இரண்டு பயணிகள் படகுகளில், எதிர்ப் படகை வெடிக்க வைக்கும் கருவி கையில் இருந்தும் ஒன்றுகூட அதைப் பயன்படுத்தாமல் விடுவது இன்னொரு பதில்.

மூன்றாம் ஸ்பைடர்மேன் படத்தில் ஒவ்வொரு வில்லனும் ஒவ்வொரு கதையைச் சுமந்து வருகிறான் என்பதே சிக்கல். போதாததற்கு, பீட்டரை வளர்த்த பென் மாமாவைக் கொன்றது மணல் மனிதன்தான் என்று பின்னோக்கிப் போய் மாற்றியதில், முதல் படத்தின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. பீட்டர் தப்பவிட்ட திருடனே மாமாவைக் கொன்றான் என்பதுதானே அவனுடைய குற்ற உணர்வின் வேர்? அதை அசைத்துவிட்டால் இரண்டு படங்களாக அவன் சுமந்த பாரத்துக்குப் பொருள் குறைந்துவிடுகிறது. ஆனால், படம் பலவீனமானது என்று முடிவு செய்தபின் அதிலுள்ள எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவதும் தவறுதான். இதே படத்தில் மணல் மனிதன் முதன்முதலில் உருப்பெறும் காட்சி வசனமே இல்லாதது. மணல் குவியலிலிருந்து எழ முயன்று, உதிர்ந்து, மறுபடி எழுந்து, மகளின் படம் இருக்கும் பதக்கத்தை எடுக்கப் போகிறான். விரல்கள் பொடிந்து நழுவுகின்றன. பிறகுதான் கை கையாகிறது. தோற்ற படத்துக்குள் இருக்கும் இத்தகைய வெற்றியைத் தனியே எடுத்துச் சொல்வது விமர்சிப்பவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் செய்யும் தவறு வேறு வகை. மூலத்தில் இருப்பது அப்படியே வந்தால் பலம், மாறினால் பலவீனம் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். காமிக்ஸில் ஜோக்கர் இரசாயனத் தொட்டியில் விழுந்து வெளிறிப்போகிறான் என்பது பரவலாக அறியப்பட்ட கதை. நோலனின் ஜோக்கருக்கு முகத்தில் இருப்பது வெறும் பூச்சு. தன் தழும்புகள் வந்த விதத்தை அவன் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகச் சொல்கிறான். மூலத்திலிருந்து விலகிய அந்த முடிவுதான் ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கரை அவ்வளவு அச்சமூட்டுபவனாக ஆக்கியது.

வசூலைத் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. முதல் பாகம் சம்பாதித்த நம்பிக்கையைத்தான் அடுத்த பாகம் முதல் வாரத்தில் செலவழிக்கிறது. அந்தக் கூட்டம் முந்தைய படத்துக்கு வந்த கூட்டம்.

இன்றைய பாகங்களில் மிகுதியாகக் காணப்படுவதும், ரசிகர்கள் மிக எளிதில் மன்னிப்பதும், வரப்போகும் படங்களுக்காக இடப்படும் விதைகள்தான். 'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2' (2014), பல வில்லன்கள் ஒன்றுசேரும் படம் ஒன்றுக்குக் களம் அமைப்பதில் கணிசமான நேரத்தைச் செலவிட்டது. அந்தப் படம் வரவே இல்லை. இன்று அந்தக் காட்சிகளைப் பார்ப்பவருக்கு எங்கும் போகாத ஒரு பாதை மட்டுமே தெரிகிறது. நாயகனின் காதலி க்வென்னின் மரணம் போன்ற உண்மையான கனமுள்ள தருணம் அந்தக் கூட்டத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. "அடுத்த படத்தில் இதற்கு விளக்கம் வரும்" என்ற வாதத்தை ஏற்காதீர்கள். இந்தப் படத்துக்குள் அந்தக் காட்சிக்கு வேலை இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

அப்படியானால், தொடரும் என்று பாதியில் நிற்கும் படங்களெல்லாம் குறையுள்ளவையா? இல்லை. 2023இல் வந்த 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்' என்ற அனிமேஷன் படம் அதன் நாயகன் மைல்ஸை வேறோர் உலகத்தில் சிக்கவைத்துவிட்டு முடிகிறது. ஆனால் தானும் ஒரு ஸ்பைடர் நாயகி என்ற உண்மையைத் தந்தையிடமிருந்து மறைத்துத் தவித்த, இந்தப் படத்தின் க்வென், வீட்டுக்குத் திரும்பி அவருடன் பேசி முடிக்கிறாள். படம் தொடங்கிய காயம் அந்தப் படத்துக்குள்ளேயே ஆறத் தொடங்குகிறது. நிகழ்ச்சி நின்றாலும் உணர்ச்சி நிறைவடைகிறது. நிற்கும் இடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

'ஸ்பைடர்மேன் 2' முடியும் விதத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். காதல் கைகூடிவிட்டது, போலீஸ் வண்டிகளின் ஒலி கேட்கிறது, பீட்டரின் காதலி மேரி ஜேனே அவனைப் போகச் சொல்கிறாள், அவன் கட்டடங்களுக்கு நடுவே பறக்கிறான். வழக்கமான படம் அந்தப் பறத்தலோடு முடிந்திருக்கும். ரெய்மியோ ஜன்னலில் நிற்கும் அவளிடம் கேமராவைத் திருப்புகிறார். புன்னகை மெல்ல மறைந்து அவள் முகத்தில் கவலை படிகிறது.