பாந்தோல் சிவப்பு வைன்: ருசி பார்ப்பது எப்படி, எதோடு சாப்பிடுவது?

தென் பிரான்சில் மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவே கடலோரமாக இருக்கும் சிறிய ஊர் பாந்தோல். அதன் பின்னால் உள்ள மலைச்சரிவுகளில் கல் அடுக்கிப் படிப்படியாகக் கட்டிய தோட்டங்களில் மூர்வெத்ர் என்ற திராட்சை விளைகிறது. தோல் தடித்த ரகம், தாமதமாகத்தான் பழுக்கும், வெயில் நிறைய வேண்டும். 1941-இல் இந்த வட்டாரத்து வைனுக்கு பாந்தோல் என்ற பெயரில் தனி அங்கீகாரம் கிடைத்தது. சிவப்பு வைனில் பாதியாவது மூர்வெத்ர் இருக்க வேண்டும், குறைந்தது 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது விதி.

புதிதாக வைன் பழகுகிறவருக்கு இது கொஞ்சம் முரட்டு வைன்தான். ஆனாலும் இதையே சிபாரிசு செய்வேன். வைனின் துவர்ப்பைச் சாப்பாடு எப்படி அடக்குகிறது என்பது இதில் பளிச்சென்று தெரியும்.

1. பாட்டிலைத் தயார் செய்தல்

முதலில் லேபிளில் ஆண்டைப் பாருங்கள். எட்டு, பத்து வருடம் ஆனது கிடைத்தால் நல்லது. இளசாக இருந்தால் வாய் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். மிகப் பழையதற்கு இது வேண்டாம், மணம் போய்விடும். அதை முதல் நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்றினால் போதும்.

16 முதல் 18 டிகிரி சரியான சூடு. நம் ஊர் அறையில் இருந்த பாட்டில் என்றால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடாகக் குடித்தால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

2. முகர்தல்

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆட்டாமல் ஒருமுறை, சுழற்றிவிட்டு ஒருமுறை முகருங்கள். கறுப்பு நிறப் பழங்கள், மிளகு, தோல் பொருள்களின் வாசனை, காய்ந்த தைம், ரோஸ்மேரி போன்ற மூலிகை இலைகள் ஆகியவை வரும். எல்லாம் உடனே பிடிபடாது. ஒன்றிரண்டு பிடிபட்டாலே சரி.

3. வெறும் வாயில் ஒரு மிடறு

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஒரு மிடறை வாய் முழுக்கப் பரப்பி, சில நொடி வைத்திருந்து விழுங்குங்கள். கடுக்காயைக் கடித்ததுபோல ஈறும் நாக்கும் இழுக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்த டானின் என்ற துவர்ப்புப் பொருள், எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வாய் வறள்கிறது.

4. கூடவே சாப்பிடுதல்

இப்போது கொழுப்போடு சுட்ட ஆட்டுக்கறி ஒரு துண்டு. உப்பு தாராளமாக, பூண்டும் தைமும் போட்டுச் சுட்டது. மென்று முடித்த உடனே அதே வைனில் அடுத்த மிடறு. டானினுக்கு இப்போது கறியின் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிட்டன, அது உங்கள் எச்சிலை விட்டுவிடும். உப்பு கசப்பைக் குறைக்கும். துவர்ப்பு அடங்கி, அதுவரை ஒளிந்திருந்த பழச்சுவை மேலே வரும். முதல் மிடறையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வேறு பாட்டிலோ என்று தோன்றும்.

பாந்தோல் இருக்கும் ப்ரொவான்ஸ் பகுதி வீடுகளில் இதற்குச் சமைப்பது தோப் என்ற கறி. மாட்டுக்கறியை இரவு முழுக்கச் சிவப்பு வைனில் ஊறவைத்து, ஆரஞ்சுத் தோல், பிரிஞ்சி இலை, தைம் சேர்த்து மூன்று நான்கு மணி நேரம் சிறுதீயில் வேகவைப்பார்கள். என்னைக் கேட்டால் பாந்தோலுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. கறி சாப்பிடாதவர்கள் செம்மறிப் பாலில் செய்த கெட்டிச் சீஸ், கறுப்பு ஆலிவ் விழுது, எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், காளான் வைத்துக்கொள்ளலாம்.

மீன் வேண்டாம், இந்தச் சிவப்பு வைனோடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவை தட்டும். மீனுக்கு அதே ஊரின் ரோஸே என்ற இளஞ்சிவப்பு வைன் இருக்கிறது. காரம் தூக்கலான குழம்பும் வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும்.

மிச்சமிருந்தால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இளம் பாந்தோல் மறுநாள் இன்னும் மென்மையாக இருப்பது வழக்கம். குடிப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள்.