மாலை நேர ரேஸ் கார்டு தேறுமா?

பிரிட்டனில் கெம்ப்டன், வுல்வர்ஹாம்ப்டன் போன்ற இடங்களில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் மாலைக் குதிரைப் பந்தயங்களின் கார்டைப் (ஓடும் குதிரைகளின் விவரப் பட்டியல்) பார்த்ததும் ஜாக்கி பெயர்களில் மயங்கிவிடாதீர்கள். முதலில் பந்தயத்தின் தரத்தைச் சொல்லும் கிளாஸ் எண். 1 உச்சம், 6 ஏறக்குறைய அடிமட்டம். ஆனால் சாதாரண மாலைகளில் பெரும்பாலும் 5, 6 தான் வரும் என்பதால் இது மட்டும் போதாது.

ஹேண்டிகேப் பந்தயங்களில், அதாவது திறமைக்கான மதிப்பெண்ணான ரேட்டிங்கைப் பொறுத்துக் குதிரைகளுக்கு எடை ஏற்றும் பந்தயங்களில், ரேட்டிங் வரம்பையும் அதிக எடை சுமக்கும் குதிரையின் ரேட்டிங்கையும் ஒப்பிடுங்கள். 0-60 பந்தயத்தில் அது 59, 60 என்றால் சரி. 54 தான் என்றால் அந்தத் தரத்துக்கே குதிரை கிடைக்கவில்லை. எடையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. ஒரு ரேட்டிங் புள்ளிக்கு ஒரு பவுண்டு எடை என்பது குதிரைகளுக்கு இடையிலான வித்தியாசம்தான். கூட்டமே பலவீனமாக இருந்தாலும் அதிக ரேட்டிங் உள்ள குதிரைக்கு முழு எடை ஏற்றிவிடுவார்கள்.

அப்புறம் ஃபார்ம் எண்கள், அதாவது முந்தைய ஓட்டங்களில் குதிரை பிடித்த இடங்கள். வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். 0 என்றால் முதல் ஒன்பது இடங்களுக்குள் வரவில்லை. பதினான்கு குதிரைகள் ஓடினாலும், வரிசையெல்லாம் 0, 8, 9 என்றால் அது போட்டியல்ல, வெறும் கூட்டம். என் கணக்கில், அண்மையில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்த குதிரைகள் குறைந்தது நான்கு வேண்டும்.

மெய்டன் (இதுவரை வெல்லாத குதிரைகளுக்கானது), நோவிஸ் (அனுபவம் குறைந்த குதிரைகளுக்கானது) பந்தயங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. பல குதிரைகளுக்கு ரேட்டிங்கே இருக்காது. அங்கே வம்சத்தையும் பயிற்சியாளரையும் பாருங்கள். 2017, 2018 ஆண்டுகளில் பிரான்சின் புகழ்பெற்ற ஆர்க் பந்தயத்தை வென்ற எனேபிள் என்ற குதிரை, 2016 நவம்பரில் நியூகாசில் செயற்கைத் தளத்தில் ஒரு மெய்டன் பந்தயத்தில்தான் அறிமுகமானது.